பருவுக்குச் சாப்பிட்ட மாத்திரை கல்லீரலில் என்ன செய்தது

சென்ற ஆண்டு என் அக்கா மகனுக்கு முகப்பரு முற்றிக் கட்டி கட்டியாக வந்தபோது, தோல் மருத்துவர் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை தொடங்கும் முன்பு ஒரு முறையும் எட்டாவது வாரத்தில் ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு முதல் அறிக்கையில் 112, இரண்டாவதில் 238. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூடாது என்று அக்கா ஒரு வாரம் அவனைத் திட்டித் தீர்த்த பிறகு, இரண்டு தாள்களையும் என் முன்னால் விரித்து வைத்து, "சித்தி, முகத்துக்குத்தானே மாத்திரை சாப்பிடறேன், ரத்தத்துல கொழுப்பு ஏன் ஏறுது?" என்று கேட்டான்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்த நாட்களில் இதே குடும்பத்து மருந்துப் பொருளைக் கல்லீரல் செல்களுக்கு ஊற்றி, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து கொண்டிருந்தவள் நான். ஆகவே அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் எனக்குப் பலகாரம் நினைவுக்கு வரவில்லை. ஐசோட்ரெட்டினோயின் என்பது 13-சிஸ் ரெட்டினோயிக் அமிலம். வைட்டமின் ஏ-யின் அமில வடிவங்களுள் ஒன்று. விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து கல்லீரலையும் எட்டுகிறது. அங்கே செல்லின் உட்கரு வரை சென்று, எந்த மரபணுவை எவ்வளவு படியெடுக்க வேண்டும் என்ற கணக்கில் கை வைக்கிறது. அவனிடம் அன்று சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

உணவிலிருந்து வரும் வைட்டமின் ஏ முதலில் கல்லீரலின் முதன்மைச் செல்களான ஹெப்பட்டோசைட்டுகளுக்குள் நுழைகிறது; அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் நட்சத்திரச் செல்களுக்குக் கைமாறி, கொழுப்பமிலத்தோடு பிணைந்து எண்ணெய்த் துளிகளாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரல் செல்களில் 5 முதல் 8 சதவீதமே இருக்கும் இந்த நட்சத்திரச் செல்கள்தாம், நல்ல ஊட்டம் பெற்ற உடலில் உள்ள வைட்டமின் ஏ-யின் பெரும்பகுதியைத் தம்மிடம் வைத்திருக்கின்றன. இவற்றின் வரலாறு வேடிக்கையானது. ஜெர்மானியரான குப்ஃபர் 1876-இல் தங்கக் குளோரைடு சாயத்தின் உதவியால் இவற்றைக் கண்டு விவரித்தார். பின்னர் அவரே இவற்றைக் கிருமி விழுங்கும் வேறு வகைச் செல்களோடு குழப்பிக் கொண்டார். ஜப்பானில் இட்டோ 1951-இல் கொழுப்பு சேமிக்கும் செல்கள் என்று ஒன்றை விவரித்தார். இருவர் கண்டதும் ஒரே செல்லைத்தான் என்றும், தங்கச் சாயத்தைப் பற்றிக் கொண்டது அதனுள் இருந்த வைட்டமின் ஏ-தான் என்றும் வாக்கே 1971-இல் நிறுவிய பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. புற ஊதா ஒளியைப் பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தத் துளிகள் நீலமும் பச்சையும் கலந்த ஒளியில் மின்னும். குவியத்தைச் சரிசெய்து, படம் எடுக்கும் பொத்தானைத் தேடுவதற்குள் மங்கிவிடும். முதல் முறை பார்த்தபோது கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

சேமிப்பு வடிவத்துக்கு மரபணுக்களோடு நேரடிப் பேச்சு இல்லை. ஆல்கஹால் வடிவமான ரெட்டினோல், ஆல்டிஹைடு வடிவமான ரெட்டினால் ஆகிறது. ரெட்டினால் பின்னர் ரெட்டினோயிக் அமிலமாகிறது. (தமிழ்ப் பாடநூல்கள் சிலவற்றில் முதல் இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிட்டுவிடுகிறார்கள், படிக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?) முதல் படியில் முன்னும் பின்னும் போகலாம். இரண்டாவது படி ஒருவழிப் பாதை: அமிலமாகிவிட்டால் அது மறுபடி ரெட்டினோல் ஆக முடியாது. ஆகவே செல்லுக்கு அமிலம் சேமித்து வைக்கும் பொருள் அன்று. தேவையான போது உண்டாக்கி, செய்தி சொல்ல வைத்து, உடனே அழித்துவிட வேண்டிய பொருள். உடல் முழுவதும் சுற்றுவது பெரும்பாலும் ரெட்டினோல்தான். ஹெப்பட்டோசைட் தயாரிக்கும் ஒரு சிறு புரதத்தின் மடியில் ஏறி, சிறுநீரகத்தில் வடிந்து போகாதபடி டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தின் துணையோடு அது பயணம் செய்கிறது. மாத்திரை உண்பவருக்கோ இந்த ஏற்பாடு எல்லாம் தாண்டப்பட்டு, அமில வடிவமே நேராக வந்து இறங்குகிறது.

இந்த அமிலத்தின் செய்தியைக் கேட்கும் காது எது என்பது 1987-இல் தெரிய வந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷாம்போனின் குழுவும், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸின் குழுவும், ஒருவரை ஒருவர் சாராமல், ரெட்டினோயிக் அமில ஏற்பியை அந்த ஆண்டில் வெளியிட்டன. இன்று ஆர்ஏஆர் ஆல்ஃபா என்று வழங்கப்படுவது அது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடு நின்றுவிடுகின்றன. கல்லீரலோடு வேலை செய்த எனக்கு அதற்கு முந்தைய ஆண்டின் கதைதான் பிடித்தமானது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன் தெஜான், பியர் தியோலே முதலியோர் ஒரு கல்லீரல் புற்றுக்கட்டியை ஆராய்ந்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏ அந்தக் கட்டியின் மரபுத்தொகுதியில் எந்த இடத்தில் சொருகிக் கொண்டிருக்கிறது என்று தேடியவர்கள், ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பிகளைப் போன்ற சாயலுடைய, அதுவரை யாரும் அறியாத ஒரு மரபணுவில் அது குறுக்கே புகுந்திருப்பதை 1986-இல் அறிவித்தார்கள். அந்த மரபணு தரும் புரதம் எதைப் பற்றிக் கொள்ளும் என்று அப்போது தெரியாது. கல்லீரல் கட்டியைக் குறிக்கும் ஹெப்படோமா என்ற சொல்லை வைத்து 'ஹாப்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1988-இல் அதுவும் ரெட்டினோயிக் அமில ஏற்பிதான் என்று தெளிவாகி, அது ஆர்ஏஆர் பீட்டா ஆயிற்று. வைட்டமின் ஏ-யின் ஏற்பிகளில் ஒன்று, கல்லீரல் புற்றின் வழியாக, வேறொன்றைத் தேடியவர்களின் கையில் முதலில் அகப்பட்டது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்புத்தான். அதே குழுவைச் சேர்ந்த ஹியூக் த தே, பின்னர் ஒரு வகை ரத்தப் புற்றில் ஆர்ஏஆர் ஆல்ஃபா மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருப்பதைக் கண்டவர்களுள் ஒருவர். அது தனிக் கதை.

ஏற்பி தனியாக வேலை செய்வதில்லை. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்துதான் டிஎன்ஏ-யில் அமர்கிறது. இந்த ஆர்எக்ஸ்ஆரை எவன்ஸின் குழு 1990-இல் விவரித்தது. ஜோடி அமரும் இடத்துக்கு ஓர் எழுத்து அடையாளம் உண்டு: ஏ, ஜி, ஜி, டி, சி, ஏ என்ற ஆறெழுத்து அல்லது அதற்கு நெருங்கிய ஒன்று, ஒரே திசையில் இரண்டு முறை வரும், இரண்டுக்கும் நடுவே பொதுவாக ஐந்தெழுத்து இடைவெளி இருக்கும். அமிலம் வராத வேளையில் ஜோடி வெளியே காத்திருக்கிறது என்று பலர் எண்ணிக் கொள்கிறார்கள். உண்மையில் பல இடங்களில் அது முன்பே டிஎன்ஏ-யில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த மரபணுவைப் படியெடுக்க விடாமல் தடுத்துக் கொண்டிருக்கிறது. என்கோர், ஸ்மர்ட் என்ற தடைப் புரதங்களை அது பிடித்து வைத்திருக்கும். அவை டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் உள்ள அசெட்டைல் குழுக்களை நீக்கும் நொதிகளை அழைத்து வரும். அசெட்டைல் போனால் டிஎன்ஏ ஹிஸ்டோன் உருளையில் இறுகச் சுற்றிக் கொள்ளும். ரெட்டினோயிக் அமிலம் வந்து ஏற்பியின் குழிக்குள் இறங்கியதும், ஏற்பிப் புரதத்தின் பன்னிரண்டாவது சுருள் டப்பாவின் மூடிபோலத் திரும்பி அந்தக் குழியின் வாயை அடைக்கிறது. அந்தத் திருப்பத்தில் தடைப் புரதங்கள் பிடி நழுவிப் போகின்றன. அதே இடத்தில் துணைப் புரதங்கள் வந்து ஒட்டி, ஹிஸ்டோன்களில் மறுபடியும் அசெட்டைலை ஏற்றி, படியெடுக்கும் நொதிக்கு வழி திறக்கின்றன. ஆக, அமிலத்தின் வேலை மரபணுவைத் தட்டி எழுப்புவது மட்டுமில்லை. அதன் மேல் உட்கார்ந்திருந்தவரையே ஆள் மாற்றி நிறுத்துவது.

கல்லீரல் செல்லில் இப்படித் திறக்கும் மரபணுக்களில் என் கைப்பட அளந்தது சிப்26ஏ1. அது தரும் நொதியின் தொழிலே ரெட்டினோயிக் அமிலத்தைச் சிதைப்பது. அதன் தொடக்கப் பகுதியில் மிக அருகிலேயே ஓர் இருக்கை, ஏறத்தாழ 2,000 எழுத்துகள் தள்ளி இன்னோர் இருக்கை என்று ஒன்றுக்கு மேற்பட்ட அமர்விடங்கள் உண்டு. அதனால்தான் இந்த மரபணு அவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்கிறது. செய்தி கொண்டு வந்தவர் வாசலில் கால் வைத்ததும், அவரைத் திருப்பி அனுப்ப வண்டிக்குச் சொல்லிவிடுவது போன்ற ஏற்பாடு. ஆர்ஏஆர் பீட்டாவின் மரபணுவிலும் ஓர் அமர்விடம் இருப்பதை த தே குழு 1990-இல் காட்டியது. ஒரே செய்தி ஒரு பக்கம் தன்னைக் கேட்கும் காதைப் பெருக்குகிறது. மறு பக்கம் தன்னை அழிக்கும் கையைப் பெருக்குகிறது.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெப்ஜி2 என்பது கல்லீரல் கட்டியொன்றிலிருந்து எடுத்து 1970-களின் இறுதியிலிருந்து உலகெங்கும் வளர்த்து வரும் செல் வகை. அதைத் தட்டில் பரப்பி, பாதியளவு நிறைந்ததும், வழக்கமான கன்றுச் சீரத்தை எடுத்துவிட்டு, கரித்தூளால் கொழுப்புப் பொருள்களை உறிஞ்சி நீக்கிய சீரத்துக்கு மாற்றுவோம். சாதாரணச் சீரத்திலேயே ரெட்டினோல் இருப்பதால், அதை நீக்காமல் 'மருந்து தராத தட்டு' என்று எதையும் சொல்ல முடியாது. ரெட்டினோயிக் அமிலம் மஞ்சள் நிறத் தூள். அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பழுப்பு நிறக் குழாயில் இட்டு, மேலே அலுமினியத் தாள் சுற்றி, மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் அறையில் எடுத்து, ஒரு மைக்ரோமோலார் அளவுக்குத் தட்டில் சேர்ப்போம். மறுநாள் செல்களை உடைத்து மரபணுவின் படியான ஆர்என்ஏ-வை எடுத்து, அதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் கருவியில் வைத்தால், மருந்து தராத தட்டில் சிப்26ஏ1-இன் வளைகோடு 33-ஆவது சுற்று வரை தலை தூக்காது. மருந்து தந்த தட்டில் 25-ஆவது சுற்றிலேயே எழுந்துவிடும். ஒரு சுற்றுக்கு இரு மடங்கு என்பதால் எட்டுச் சுற்று வித்தியாசம் ஏறத்தாழ 250 மடங்கு. ஒரு முறை சாப்பிடப் போகும் அவசரத்தில் குழாயைத் தாள் சுற்றாமல் வெள்ளை விளக்கின் கீழ் விட்டுவிட்டுப் போனேன். அந்த வாரம் வந்த எண்கள் எல்லாம் சரிந்து கிடந்தன. ஒளி பட்டால் இந்த அமிலம் வேறு சிஸ் வடிவங்களாகத் திரிந்தும் சிதைந்தும் போகும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். "மஞ்ச விளக்கு எதுக்கும்மா வாங்கி வெச்சிருக்கோம்?" என்று மூத்த ஆராய்ச்சியாளர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

இதுவரை சொன்னதில் ட்ரைகிளிசரைடு எங்கும் வரவில்லை. அது வருவது ஜோடியின் மறுபாதியான ஆர்எக்ஸ்ஆர் வழியாக. கல்லீரலில் ஆர்எக்ஸ்ஆர் ஆல்ஃபா மிகுதி. அதற்கு ஆர்ஏஆர் மட்டும் துணை அன்று. கொழுப்பமிலங்களை உணரும் பிபிஏஆர் ஆல்ஃபா, கொலஸ்ட்ராலின் மாற்றுருக்களை உணரும் எல்எக்ஸ்ஆர், பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர், மருந்துகளையும் நச்சுகளையும் உணரும் பிஎக்ஸ்ஆர், தைராய்டு ஹார்மோன் ஏற்பி என்று இத்தனை பேரும் டிஎன்ஏ-யில் அமர ஆர்எக்ஸ்ஆரைத்தான் நாடுகிறார்கள். எவரோடு ஜோடி என்பதைப் பொறுத்து ஆறெழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறும்: பிபிஏஆருக்கு ஒன்று, எல்எக்ஸ்ஆருக்கும் தைராய்டுக்கும் நான்கு, ஆர்ஏஆருக்கு ஐந்து. இந்த ஜோடிகளில் சிலவற்றில், துணைக்கு உரிய பொருள் வராவிட்டாலும், ஆர்எக்ஸ்ஆரின் குழியில் ஒரு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ குடும்பத்துப் பொருள்) வந்து அமர்ந்தாலே மரபணு திறந்துவிடும். எலிகளின் ஹெப்பட்டோசைட்டுகளில் மட்டும் ஆர்எக்ஸ்ஆர் ஆல்ஃபாவை நீக்கி 2000-இல் வெளியான ஆய்வில் கொழுப்பு, கொலஸ்ட்ரால், பித்த அமிலம், மருந்துச் சிதைவு என்று பல பாதைகள் ஒருசேரப் பாதிக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

அவனுடைய 238-க்கு உரிய மரபணுக்களில் முக்கியமானது அப்போ சி-3. கல்லீரல் தயாரித்து ரத்தத்துக்கு அனுப்பும் இந்தச் சிறு புரதம், ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் துகள்களின் மேல் ஒட்டிக் கொண்டு, அவற்றை உடைக்கும் லைப்போபுரத லைப்பேஸ் நொதியைத் தடுக்கிறது. துகள்களைக் கல்லீரல் திரும்ப எடுத்துக் கொள்வதையும் தாமதப்படுத்துகிறது. அப்போ சி-3 கூடினால், உண்ட உணவு மாறாவிட்டாலும் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு தங்கிப் போகும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட வேலை இதை நேராகக் காட்டியது. ஆரோக்கியமான ஆண்களுக்குச் சில நாட்கள் ஐசோட்ரெட்டினோயின் கொடுத்தபோது ரத்தத்தில் அப்போ சி-3 உயர்ந்தது. மனிதக் கல்லீரல் செல்களிலும் ஹெப்ஜி2 செல்களிலும் ரெட்டினாய்டுகள் அந்த மரபணுவின் படியெடுப்பையே கூட்டின. ஆர்எக்ஸ்ஆரை மட்டும் தூண்டும் பொருள் அதே விளைவைத் தந்தது, ஆர்ஏஆரை மட்டும் தூண்டும் பொருள் தரவில்லை. 13-சிஸ் வடிவம் இந்த ஏற்பிகளில் தானாக வலுவாக ஒட்டாது. உடலுக்குள் அது வேறு வடிவங்களாக மாறிய பிறகே ஏற்பிகளைத் தூண்டுகிறது. ஆர்எக்ஸ்ஆரை நேரடியாகத் தூண்டும் பெக்சரோட்டீன் என்ற மருந்து, தோலில் வரும் ஒரு வகை லிம்போமா என்ற புற்றுக்காக 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உண்பவர்களிடம் ட்ரைகிளிசரைடு ஐசோட்ரெட்டினோயினைவிடக் கடுமையாக உயர்வதும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அடங்கிப் போவதும் இதே பாதையின் விளைவுகள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ட்ரைகிளிசரைடைக் குறைக்கத் தரும் ஃபெனோஃபைப்ரேட் வேலை செய்வது பிபிஏஆர் ஆல்ஃபா வழியாக. அந்த ஏற்பியின் ஜோடியும் இதே ஆர்எக்ஸ்ஆர்தான். அந்த மருந்தோ அப்போ சி-3-ஐக் குறைக்கிறது. பெக்சரோட்டீன் உண்பவர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறினால் ஃபெனோஃபைப்ரேட்டைத்தான் சேர்க்கிறார்கள். அதன் உடன்பிறப்பான ஜெம்ஃபைப்ரோசிலைச் சேர்த்தால் பெக்சரோட்டீனின் அளவு ரத்தத்தில் கூடிவிடும் என்பதால் தவிர்க்கிறார்கள். "வைட்டமின் ஏ கொழுப்பைக் கூட்டுமா, குறைக்குமா?" என்று காணொளிகளில் மார்தட்டிப் பதில் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். எந்த வடிவம், எந்த ஏற்பி, யாரோடு ஜோடி, எந்த மரபணுவின் வாசலில் என்று கேட்காமல் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

கல்லீரல் புற்றிலும் இந்த ஜோடிக்கு ஒரு பங்கு உண்டு. பல கட்டிகளில் ஆர்எக்ஸ்ஆர் ஆல்ஃபாவின் மேல் பாஸ்பேட் ஏறி, அது ரெட்டினாய்டுக்குச் செவி சாய்க்காமல் போகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களே உருவாக்கிய வளையமில்லாத ரெட்டினாய்டு ஒன்றை, கட்டி அகற்றப்பட்ட 89 நோயாளிகளிடம் சோதித்து 1996-இல் வெளியிட்டபோது, மருந்து உண்ட 44 பேரில் 12 பேருக்கும், உண்ணாத 45 பேரில் 22 பேருக்கும் கல்லீரலில் கட்டி மீண்டும் தோன்றியிருந்தது. பின்னால் நடந்த பெரிய சோதனையில் அந்த நம்பிக்கை உறுதிப்படவில்லை.

என் அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ முருங்கைக்கீரையும் குடுக்கக் கூடாதா?" என்றார். கீரையில் இருப்பது பீட்டா கரோட்டீன். குடலில் அதை வெட்டி வைட்டமின் ஏ ஆக்கும் நொதியின் மரபணுவை, ரெட்டினோயிக் அமிலமே ஐஎஸ்எக்ஸ் என்ற புரதத்தின் மூலமாக அடக்கி வைக்கும். போதுமான அளவு இருந்தால் வெட்டுவது தானாகக் குறையும். வைட்டமின் ஏ மாத்திரைக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால்தான் ஐசோட்ரெட்டினோயினோடு அதையும் சேர்த்து விழுங்கக் கூடாது என்று மருத்துவர் எச்சரிக்கிறார். கருவுற்றவர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது என்பதற்கும் வேர் இதே ஏற்பிகள்தாம்: கருவின் உறுப்புகள் உருவாகும் வரிசையை நிர்ணயிக்கும் மரபணுக்களும் அந்த ஆறெழுத்து அமர்விடங்களை நம்பியிருக்கின்றன.

அவன் கேட்ட கடைசிக் கேள்வி, மாத்திரையை நிறுத்தினால் எண் இறங்குமா என்பது. இந்த மருந்தின் பாதி ரத்தத்திலிருந்து நீங்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அமிலம் குழியை விட்டு வெளியேறினால் தூண்டுதல் நின்று, மரபணு பழைய அளவுக்குத் திரும்பிவிடும், டிஎன்ஏ-யின் எழுத்தில் எதுவும் மாறியிருக்காது என்று சொன்னேன். மருத்துவர் அளவைச் சற்றுக் குறைத்து மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஐந்தாவது மாதத்தில் 190. மாத்திரை முடிந்த ஆறாவது வாரத்தில் எடுத்த தாளைப் புகைப்படமாக அனுப்பியிருந்தான்: 118. கீழே, "அம்மா கிட்ட சொல்லிடுங்க சித்தி, பஜ்ஜி சாப்பிட்டுட்டுதான் இருந்தேன்" என்று எழுதியிருந்தான்.